என் பேரில் இல்லாத வீடு

பிப்ரவரி 6

காலையில் துறைமுகத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது எஃப்ரெனிடமிருந்து செய்தி. என்னோடு பள்ளியில் படித்தவன், இப்போது நான் கடல் வழிகாட்டியாக இருக்கும் சுற்றுலா நிறுவனத்தின் முதலாளி. நேற்றைய பயணி ஒருத்தி எழுதியதை அப்படியே எங்கள் குழுவில் போட்டிருந்தான். "காலையில் கடல், மதியம் எரிமலை, இரவில் நட்சத்திரம். ஒரே நாளில் தீவு முழுவதையும் பார்த்துவிட்டோம். எரிமலை வழிகாட்டி யாய்சாவை மறக்க முடியாது. தன் வீடு புதைந்த இடத்தில் நின்று அவர் பேசியபோது எல்லோரும் அழுதோம். நட்சத்திரங்கள் அற்புதம். கடலும் நன்றாக இருந்தது."

கடலும்.

அந்த 'உம்' நான்தான்.

யாய்சா என் தங்கை. அவளுக்கு இந்த வேலையை எஃப்ரெனிடம் கேட்டு வாங்கிக் கொடுத்ததும் நான்தான்.

பிப்ரவரி 8

ஒன்றும் வரவில்லை. பைலட் திமிங்கிலம் இல்லை, டால்பின் இல்லை, வெயில் காயும் ஆமைகூட இல்லை. என் கணவன் பல்தசார் படகைப் பக்கத்துத் தீவான எல் ஹியேரோ தெரியும் தூரம்வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பினான். நான் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டே வந்தேன். திமிங்கிலம் எப்படித் தூங்கும், குட்டிக்கு எப்படிப் பால் கொடுக்கும் என்றெல்லாம். காலி நாற்காலிக்குப் பாடம் நடத்துவது போல.

முன் வரிசையில் ஒரு பெண்மணி பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள்: "வீடு போனவங்க இவங்கதானா?"

"இல்ல இல்ல. அது மதியம்."

பிப்ரவரி 12

கார்னிவல் திங்கள். வழக்கம்போல வெள்ளை உடுத்திக்கொண்டு தலைநகரத்துக்குப் போனோம், நான், பல்தசார், யாய்சா மூவரும். ஒருவர் மேல் ஒருவர் வீசி, தெரு முழுக்க டால்கம் பவுடர் மேகம். மூச்சுவிட முடியவில்லை, சிரித்துக்கொண்டே இருந்தோம். உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தேன். இதை எழுதிவைக்க வேண்டும்.

அப்புறம் எங்கள் பழைய கணக்கு டீச்சர் ஹொனோரியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அக்கா தங்கை இருவருக்கும் சொல்லிக்கொடுத்தவர். யாய்சாவை இழுத்து அணைத்துக்கொண்டார். "ஐயோ கண்ணு, அந்த வீடு... அந்த மாடிப்படி, அந்தக் காகிதப்பூ... உன்னை நினைக்காத நாளில்ல." யாய்சாவின் கன்னத்தில் பவுடர் மேல் கண்ணீர் கோடு போட்டது.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். என் தோளில் இருந்த பவுடரைத் தட்டிவிட்டார்.

"நீ குடுத்துவச்சவம்மா அர்மிந்தா. உனக்கு ஒண்ணும் போகல."

பிப்ரவரி 13

எனக்கு ஒண்ணும் போகல.

பிப்ரவரி 15

சரி, எழுதிவிடுகிறேன். வேறு யாரிடம் சொல்ல?

அந்தக் காகிதப்பூவை நட்டது நான். அந்த மாடிப்படியில் விழுந்துதான் என் முன்பல் உடைந்தது. அந்த வீட்டின் பின்னறையில் நான் பிறந்தேன். ரோடு அடைபட்டிருந்ததால் ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. யாய்சா பிறந்ததோ நல்ல பெரிய ஆஸ்பத்திரியில்.

அப்பா சொத்தைப் பிரித்தபோது வீடும் வாழைத்தோட்டமும் அவளுக்கு, படகு எனக்கு. நியாயம்தான். நான் கல்யாணம் முடித்து துறைமுகத்துக்கு வந்துவிட்டேன். அவள் தனியாள், அப்பாவைப் பார்த்துக்கொண்டாள். நான் முழு மனதோடு கையெழுத்துப் போட்டேன். முழு மனதோடா? சரி, போட்டேன்.

அப்பா போனது ஒரு வருடம். அடுத்த வருடம் எரிமலை வெடித்தது. எரிமலைக் குழம்பு வீடு இருந்த தொதோக்கேயை நெருங்கிய நாட்களில் ஊரே யாய்சாவைச் சுற்றி நின்றது. தேவாலயக் கோபுரம் சரிந்ததை டிவியில் காட்டினார்கள். அடுத்தது எங்கள் தெரு. எங்கள் என்று எழுதிவிட்டேன். அவள் தெரு. எல்லோரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர் கொண்டுவந்தேன், வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன். சாவு வீட்டில் தூரத்து உறவுக்காரி என்ன செய்வாளோ அதெல்லாம் செய்தேன்.

தன் பேரில் இல்லாத வீட்டுக்கு அழ வழியில்லை.

பிப்ரவரி 20

நட்சத்திர வண்டியின் ஓட்டுநருக்கு உடம்பு சரியில்லை, நான் ஓட்டினேன். நட்சத்திரப் பகுதி தனாவுசுவுடையது. மெலிந்த ஆள், எதற்கும் அலட்டிக்கொள்ளமாட்டான்.

"போன வாரம் ஒரே மேகம்," என்றான் வழியில். "ரெண்டு மணி நேரம் கைய நீட்டி நீட்டி இருட்டக் காட்டினேன். அதுக்கும் அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்காங்க."

"எனக்கு நாலுதான் போடுறாங்க. திமிங்கிலம் வந்தாலும்."

"திமிங்கிலத்துக்கிட்ட சொல்லு, அழச் சொல்லி."

நான் சிரிக்கவில்லை. அவனுக்கு ஏன் என்று புரியவில்லை.

மேலே கரிய மணல்வெளியில் எல்லோரும் பாய் விரித்துப் படுத்தார்கள். நான் வண்டியில் சாய்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்தேன். மங்கலான ஆரஞ்சு விளக்குகள், நடுவில் மலையிலிருந்து கடல்வரை விளக்கே இல்லாத ஒரு கறுப்புப் பட்டை, குழம்பு ஓடிய வழி. தனாவுசு பக்கத்தில் வந்து நின்றான். "அதுல வெளிச்சம் இல்லாததால மேல இன்னும் நல்லாத் தெரியுது," என்றான். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "யாய்சாகிட்ட நான் இப்படிச் சொன்னேன்னு சொல்லிடாத."

என்னிடம் சொல்லலாம். என்னிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம்.

பிப்ரவரி 23

படகை விட்டு இறங்கியதும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கடல் கொந்தளிப்பால் இந்தக் குழுவுக்கு வரிசை மாறியது. நேற்று எரிமலை, இன்று காலைதான் படகு. ஒரு ஜெர்மன் அம்மாள், வெள்ளைத் தலை, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். நான் யாய்சாவின் அக்கா என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"உங்க தங்கச்சி சொன்ன ஒண்ணு மனசுலயே நிக்குது," என்றாள். "சின்ன வயசுல புழுக்கமான ராத்திரியில அப்பா மெத்தையத் தூக்கிட்டுப் போய் மொட்டை மாடில போட்டாராமே. கடல்ல மீன்பிடிப் படகு விளக்கெல்லாம் தெரியுது. இவங்க நட்சத்திரத்தையும் படகுன்னு நெனச்சு, நம்ம படகு எதுப்பான்னு கேட்டாங்களாம். அதுக்கு அவர், நம்ம படகு தூங்குது, நீயும் தூங்குன்னாராம்."

நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அது நான். மாடியில் இருந்தது நான். கேட்டது நான். யாய்சா அப்போது அம்மாவின் வயிற்றில் இருந்தாள்! அம்மா கீழே புரண்டு படுக்க முடியாமல் முனகியதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"வீட்ட விட்டு ஓடும்போது அந்த அப்பாவோட தொப்பிய மட்டும் எடுத்துக்கிட்டாங்களாம்," என்றாள் அம்மாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தொப்பியா? அன்றைக்கு அவள் எதை எடுத்து வந்தாள் என்று எனக்குத் தெரியாதா? என் வீட்டு வாசலில்தானே இறக்கினாள். குக்கர், வரவேற்பறைத் திரைச்சீலை, கேனரிக் குருவிக் கூண்டு. அப்பாவின் தொப்பி உள்ளேதான் இருந்தது. ஆணியில். இப்போதும் அங்கேதான் இருக்கும்.

வீட்டை எடுத்துக்கோ. ஊர் இரக்கத்தையெல்லாம் எடுத்துக்கோ. என் ராத்திரிய எதுக்குடி எடுத்த?

பிப்ரவரி 24

பல்தசாரிடம் சொன்னேன். வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் பச்சை மிளகாய்ச் சாற்றை ஊற்றிக்கொண்டே கேட்டான்.

"ஒரு கதைதானே அர்மி. அவளுக்கு வீடே போச்சு. ஒரு கதையக் குடுத்தா என்ன கொறஞ்சிடும்?"

"வீட்டையும் நான்தான் குடுத்தேன்."

"நீ குடுத்த, சரி. எரிமலை எடுத்துக்கிச்சு. கோவத்த மலைமேல காட்டு."

"மலை என்னை மாதிரி நடிக்கல."

அவன் முள்கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "நெசமாச் சொல்லு. உனக்கும் அந்தக் குழம்புல ஏதாச்சும் போயிருக்கணும்னு ஆசையா?"

எழுந்து மிளகாய்ச் சாற்றை மூடிவைத்தேன். ஏனென்றால், ஆமாம்.

பிப்ரவரி 27

யாய்சாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. குரலே வரவில்லை. எஃப்ரென் கூப்பிட்டான்: "எரிமலைக்கும் உன்கிட்ட லைசென்ஸ் இருக்கில்ல? காலையில படகு, மதியம் நீயே கூட்டிட்டுப் போ. ரெண்டு நாள்தான்."

போனேன். புதிய சாலை உறைந்த குழம்பின் மேலேயே போகிறது. யாய்சா வழக்கமாக நிறுத்தும் இடத்தில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தினான். இத்தனை நாளாக நான் அங்கே இறங்கியதே இல்லை. கறுப்பு, உடைந்த கறுப்பு, கண்ணுக்கு எட்டியவரை. நடுவில் ஒற்றையாய் ஒரு செடி. எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள். வாயு எப்படி வந்தது, கல் ஏன் இன்னும் சுடுகிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இதுக்கு அடியில என் வீடு இருக்கு," என்றேன்.

அவ்வளவுதான். எல்லோருடைய முகமும் மாறியது. கேமராக்கள் இறங்கின. நான் காகிதப்பூவைச் சொன்னேன், உடைந்த பல்லைச் சொன்னேன், மொட்டை மாடியைச் சொன்னேன். எல்லாம் உண்மை, முதல் வரி தவிர. ஒரு பையனின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க எதை எடுத்துக்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டாள்.

"அப்பாவோட தொப்பியை."

ஆமாம். அதையும் சொன்னேன். யாய்சாவின் பொய்யைக்கூட விட்டுவைக்கவில்லை.

அழுதேன். முதல் முறையாக, பலர் பார்க்க. இனித்தது. எழுதவே கூசுகிறது. ஆனால் இனித்தது.

பிப்ரவரி 28

இன்றும். நேற்றைவிட நன்றாக வந்தது. எங்கே நிறுத்த வேண்டும் என்று பிடிபட்டுவிட்டது.

மார்ச் 1

யாய்சாவைப் பார்க்கப் போனேன், தேனும் எலுமிச்சையும் எடுத்துக்கொண்டு. லோஸ் யானோஸ் நகரத்தில் வாடகைக்கு இருக்கிறாள். குசுகுசுவென்று கேட்டாள்: "எப்படி இருந்துச்சு அக்கா?"

"பரவாயில்ல," என்றேன். "வெயில்தான்."

மார்ச் 4

எஃப்ரென் அலுவலகத்துக்குக் கூப்பிட்டான். முகமெல்லாம் சிரிப்பு. கைபேசியைத் திருப்பிக் காட்டினான். "எங்கள் வழிகாட்டி அர்மிந்தா எரிமலையில் வீட்டை இழந்தவர்..." நீளமாக எழுதியிருந்தார்கள். ஐந்து நட்சத்திரம். என் பெயரில் முதல் தடவை.

"உனக்கும் வீடு போச்சுன்னு நீ சொல்லவே இல்லையே?"

"அது வந்து..."

"விடு. போச்சோ இல்லையோ, நல்லா இருக்கு. அக்காவும் தங்கச்சியும். ரெண்டு பேரும் சேர்ந்து நில்லுங்க. விளம்பரத்துல போடுறேன்."

"யாய்சா பாத்தாளா?"

"குழுவுல போட்டுட்டேனே."

மார்ச் 5

வந்துவிட்டுப் போய்விட்டாள். மறப்பதற்கு முன் எழுதுகிறேன். மறக்கமாட்டேன், இருந்தாலும்.

நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டாமல் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். குரல் இன்னும் கரகரவென்றுதான் இருந்தது. திட்டுவாள் என்று நினைத்தேன். நானும் தயாராகத்தான் இருந்தேன், மாடியையும் மெத்தையையும் மனதில் அடுக்கிவைத்துக்கொண்டு.

"வச்சுக்கோ அக்கா," என்றாள்.

"எதை?"

"வீட்ட. நீயே வச்சுக்கோ. தினம் மதியம் போய் அதைப் பொதைச்சுட்டு வர என்னால முடியல. தொண்டை சும்மாவா கட்டிச்சு?"

நான் விடவில்லை. கேட்டேவிட்டேன். "அப்போ மாடிக் கதையை எதுக்கு எடுத்த? அது என்னுது. நீ பொறக்கவே இல்லையே. தொப்பின்னு வேற பொய். நீ குக்கர்தானே எடுத்துட்டு வந்த?"

"மொதல்ல குக்கர்னுதான் சொன்னேன். சிரிச்சாங்க." கழுத்தைத் தடவிக்கொண்டாள். "அன்னைக்கு என்ன எடுக்கறதுன்னு எனக்கே தெரியல அக்கா. கைக்கு வந்ததை எடுத்தேன்."

"மாடி?"

என்னையே பார்த்தாள். "அது அப்பா சொன்னது."

"உங்கிட்டயா?"

"எங்கிட்டதான். கடைசி ரெண்டு வருஷமும். சாயங்காலம் ஆனா போதும், ஜன்னல்கிட்ட உக்காந்துக்குவாரு. அர்மிந்தா, இங்க வா, அன்னைக்கு மாடியில ஞாபகம் இருக்கான்னு ஆரம்பிப்பாரு. நான்தான் குளிப்பாட்டுறேன், நான்தான் ஊட்டுறேன். ஒரு நாள்கூட அவர் வாயில யாய்சா வரல. மொதல்ல, நான் அர்மிந்தா இல்லப்பான்னு சொல்வேன். அழுவாரு. அப்புறம் விட்டுட்டேன். ஆமாப்பா, நம்ம படகு எதுப்பான்னு கேட்டேன். அவருக்கு என்ன சந்தோஷம்."

குழாயை மூட மறந்து நின்றேன்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். அப்பா எழுந்து நின்று, "வாங்கம்மா, உக்காருங்க," என்பார். என்னை நர்ஸ் என்றோ டீச்சர் என்றோ நினைத்தார். மகளை மறந்துவிட்டார் என்று பேருந்தில் அழுதுகொண்டே திரும்புவேன். அந்த நேரமெல்லாம் நான் அங்கே, ஜன்னலோரம், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். யாய்சாவின் உடம்பில்.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"சொல்வேனா?" முதல் முறையாகக் குரலை உயர்த்தினாள், அது உடைந்து போனது. "வீடு எம்பேர்ல. வீட்டுக்குள்ள இருந்த ஆளு உம்பேர்ல. எனக்கு எவ்ளோ வயித்தெரிச்சலா இருந்துச்சு தெரியுமா? உன்னைப் பாத்தாலே பத்திக்கிட்டு வரும்."

"எனக்கும்தான்," என்றேன்.

"தெரியும்."

மீனை வறுத்தேன். சாப்பிட்டாள். தட்டைத் தானே கழுவிவைத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 6

அவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அதைக் கேட்டது அவள். இப்போது இதற்கும் பொறாமைப்படுகிறேன். என்ன பிறவி நான்?

மார்ச் 10

ஆப்பிரிக்காவிலிருந்து காற்று அள்ளிவந்த சஹாராத் தூசி. மலையும் தெரியவில்லை, கடலும் தெரியவில்லை, வானமும் தெரியவில்லை. மூன்று பகுதியும் ரத்து. பல்தசார் நாள் முழுக்கத் தூங்கினான்.

யாய்சாவுக்குப் போன் செய்தேன். எடுத்தாள். அப்பா வேறென்ன சொல்வார் என்று கேட்டேன். நீண்ட நேரம் சொன்னாள். எனக்குத் தெரியாதவையும் இரண்டு இருந்தன. அம்மாவை முதலில் எங்கே பார்த்தார் என்பது ஒன்று. மற்றதை இங்கே எழுதமாட்டேன்.

மார்ச் 18

இருவருமாக எஃப்ரெனிடம் போனோம். அவன் விளம்பரப் படத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்துக் கேமராவை எடுத்தான்.

"படம் வேண்டாம்," என்றேன். "ஆளை மாத்து. நான் எரிமலைக்குப் போறேன். அவ கடலுக்கு."

"அவளுக்கா? படகுல ஏறினாலே வாந்தி எடுப்பாளே?"

"எடுக்கறேன்," என்றாள் யாய்சா. "எடுத்துட்டுப் பேசறேன்."

"அப்போ வீடு யாருக்குப் போச்சுன்னு சொல்றது? வர்றவங்க அதைத்தானே கேக்கறாங்க?"

"அது என் பாடு," என்றேன்.

"நல்ல குடும்பம்டா இது," என்றான் எஃப்ரென், யாரிடமோ சொல்வது போல. ஒரு மாதம் பார்க்கிறானாம். என்னைப் பற்றி எழுதிய பயணிகளுக்கு நானே பதில் போடுகிறேன் என்றேன். போட்டேன்: வீடு என் தங்கையுடையது, நான் அதில் பிறந்தவள், அன்று தவறாகச் சொல்லிவிட்டேன். அனுப்பிவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

மார்ச் 26

அங்கே நின்றேன். "என் தங்கையோட வீடு இதுக்கு அடியில இருக்கு," என்றேன். பிறகு கல்லைப் பற்றிப் பேசினேன். யாரும் அழவில்லை. ஒரு கிழவர் மட்டும் வண்டியில் ஏறும்போது கேட்டார், "அப்போ நீங்க எங்க வளர்ந்தீங்க?"

கையால் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றினார். வெயில் சுட்டெரிக்கும் நேரம்.

ஏப்ரல் 3

யாய்சா மூன்று தடவை வாந்தி. பல்தசார் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். "ஒலிபெருக்கிய அணைக்காம எடுத்துட்டா அர்மி. எல்லாரும் கை தட்டினாங்க."

ஏப்ரல் 19

மதியம் துறைமுகத்தில் பயணிகளைக் கைமாற்றிக்கொள்ளும் நேரம். படகு வரும்போதே சத்தம் கேட்டது. யாய்சா முன்பக்கத்தில் நின்று கையை ஆட்டினாள், மூக்கெல்லாம் வெயிலில் உரிந்து.

"அக்கா, பெரிய தலைத் திமிங்கிலம். ரெண்டு. வாலைத் தூக்கிச்சு அக்கா, அப்படியே நேரா."

நான் அந்தப் படகில் இத்தனை வருடம் நின்றும் அதன் வாலைப் பார்த்தது ஒரே தடவை, அதுவும் தூரத்தில், பாதிதான்.

"வயித்தெரிச்சலா இருக்கு," என்றேன்.

"இருக்கட்டும்," என்றாள்.

மே 11

விடுமுறை. படகுக்கு டிக்கெட் எடுத்து, பயணிகளோடு பயணியாகப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். பல்தசார் பார்த்துவிட்டுப் பார்க்காதது போல இருந்தான். யாய்சா பார்த்துவிட்டு ஒலிபெருக்கியில் ஒரு நொடி தடுமாறினாள், பிறகு தொடர்ந்தாள்.

ஒன்றுமே வரவில்லை. ஒரு டால்பின்கூட இல்லை. அவள் பேசிக்கொண்டே வந்தாள். திமிங்கிலத்தைப் பற்றிப் பாதி, அப்பாவைப் பற்றிப் பாதி. அவரது கானாங்கெளுத்தி வலை, அவர் விடியலில் தனக்குத் தானே பாடுவது, எனக்குத் தெரியாத அந்தச் சாயங்காலங்கள். எதையும் தன்னுடையது என்றும் சொல்லவில்லை, என்னுடையது என்றும் சொல்லவில்லை. நேரம் முடிந்து பல்தசார் திரும்பலாமா என்று கேட்டான். யாரும் அவளிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நானும் எடுக்கவில்லை. அவன் இன்னும் கொஞ்சம் மேற்கே ஓட்டினான்.